சுருக்கலாம், அறுக்கலாகாது

தியானப் பகுதி: எரேமியா 29 மற்றும் 36ஆம் அதிகாரங்கள்





படவேடு என்னும் ஊர்ப் பெயரை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம். அப்பெயரே ஒரு சுருக்கம் என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? பழைய கல்வெட்டுகளில் இவ்வூர் 'படைவீடு' என்று அழைக்கப்படுகிறது. படை தங்கிய வீடு, அதாவது பாசறை என்பது அதன் பொருள். 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் இதைத் தலைநகராகக் கொண்டு ஆண்டார்கள். அவர்களுக்குப் பின் விஜயநகர ஆட்சியில் சுற்றியுள்ள நாடு முழுவதும் படைவீட்டு இராஜ்ஜியம் என்று பெயர் பெற்றது. படைகள் போயின, அரசும் போயிற்று. மக்களின் நாவில் தேய்ந்து தேய்ந்து 'படைவீடு' என்பது 'படவேடு' ஆயிற்று. சொல் தேய்ந்தபோது அதன் பொருளும் மெல்ல நம் நினைவிலிருந்து நழுவிற்று. இன்று அப்பெயரைச் சொல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதனுள்ளே ஒரு படை தங்கியிருந்தது தெரியும்?

இக்காலத்தில் நாம் எல்லாவற்றையும் சுருக்குகிறோம். கைப்பேசியில் ஒருவர் சற்று நீளமாக எழுதிவிட்டால், 'நீளம் அதிகம், வாசிக்கவில்லை' என்பதையும் முழுதாகச் சொல்லாமல் 'டி.எல்.டி.ஆர்.' என்று நான்கு எழுத்துகளில் பதில் எழுதும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. நீண்ட செய்தி வந்த மறுநொடியே, அதை வாசித்திருக்கவே முடியாத நேரத்துக்குள், கூப்பிய கைகளின் படம் பதிலாக வந்து சேருகிறது. இது நல்லதா, தீயதா? சுருக்கி எழுதுவதே பாவம் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவசரமாகத் தீர்ப்புச் சொல்வதற்கு முன் வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

நம் முன்னோரின் சுருக்கங்கள்

சுருக்கி எழுதுவது நம் பிள்ளைகள் கண்டுபிடித்ததன்று. நம் தாத்தாமார் எழுதிய பழைய பத்திரத்தையோ வியாபாரக் கணக்கேட்டையோ விரித்துப் பாருங்கள். நாள் என்பதற்கு ௳, மாதம் என்பதற்கு ௴, வருடம் என்பதற்கு ௵, பற்று என்பதற்கு ௶, வரவு என்பதற்கு ௷, மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹, இலக்கத்துக்கு ௺ என்று எட்டுக் குறிகள் அவற்றில் வழங்கின. பனையோலையில் எழுத்தாணியால் கீறுகிறவனுக்கு ஒவ்வொரு கீற்றும் உழைப்பு. ஆகவே நூறுமுறை வரும் சொல்லை ஒரே இழுப்பில் முடித்தான். வாசிக்கிறவனுக்கோ அந்தக் குறி எந்தச் சொல்லுக்காக நிற்கிறது என்பது ஐயமின்றித் தெரியும். முழுச் சொல்லும் இருவர் உள்ளத்திலும் இருந்தபடியால் குறி சிறியதாயிருந்தும் பொருள் குறையவில்லை.

அதே வேளையில், முழுதாக எழுத வேண்டியதை அவர்கள் முழுதாகவே எழுதினார்கள். வேலூருக்கு அருகிலுள்ள விரிஞ்சிபுரம் கோயிலில், இரண்டாம் தேவராயர் காலத்தில், சக ஆண்டு 1347இல், அதாவது கி.பி. 1425-26இல் பொறிக்கப்பட்ட ஒரு கல்வெட்டு உண்டு. படைவீட்டு இராஜ்ஜியத்துப் பிராமணர்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை அது. இனித் தங்கள் குடும்பங்களில் திருமணம் கன்னிகாதானமாகவே நடைபெற வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுப்பவனும், பொன் கொடுத்து மணம் முடிப்பவனும் அரச தண்டனைக்கு உள்ளாகி, தம் சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். கன்னடியர், தமிழர், தெலுங்கர் எனப் பல பிரிவினரும் அதில் சேர்ந்திருந்தார்கள். யார், யாரோடு, எதற்காக, மீறினால் என்ன என்பவற்றில் ஒன்றையும் அவர்கள் விட்டுவிடவில்லை. கல்லில் ஒவ்வோர் எழுத்தும் உளியின் வேலை என்று அறிந்திருந்தும் அப்படிச் செய்தார்கள். 'திருமணத்தில் பணம் வேண்டாம்' என்று மூன்றே சொற்களை வெட்டியிருந்தால், அடுத்த தலைமுறை அதில் ஆயிரம் சந்து பொந்துகளைக் கண்டுபிடித்திருக்கும்.

பரிசுத்த நாமமும் சுருங்கியது

நம் விசுவாச முன்னோரும் சுருக்கி எழுதினார்கள் என்பது உங்களில் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். பவுல் அப்போஸ்தலனின் நிருபங்கள் அடங்கிய மிகப் பழைய பாப்பிரஸ் சுவடிகளில் ஒன்று ஏறத்தாழ கி.பி. 200ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் 'இயேசு', 'கிறிஸ்து', 'தேவன்', 'கர்த்தர்' என்னும் சொற்கள் கிரேக்கத்தில் முழுதாக எழுதப்படவில்லை. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும், சில வேளை இடையெழுத்து ஒன்றும் மட்டுமே எழுதப்பட்டு, அவற்றின் மேல் ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. இடம் மிச்சம் பிடிக்கவா? அப்படித் தோன்றவில்லை, அவற்றை எழுதியவர்கள் ஓரங்களில் தாராளமாக இடம் விட்டார்கள். பயபக்தியினால் அந்த நாமங்களை மற்றச் சொற்களினின்று பிரித்துக் காட்டினார்கள் என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். வாசிக்கிறவனின் கண் அந்தக் கோட்டைக் கண்டவுடன் சற்று நிற்கும்.

கிறிஸ்துமஸ் என்பதை ஆங்கிலத்தில் 'எக்ஸ்மஸ்' என்று எழுதினால், கிறிஸ்துவையே நீக்கிவிட்டார்கள் என்று நாம் வருந்துகிறோம். ஆனால் அந்த 'எக்ஸ்' போன்ற எழுத்து, கிறிஸ்து என்னும் நாமத்தின் கிரேக்க முதலெழுத்தாகிய 'கீ' ஆகும். அதை முதலில் எழுதியவன் முழு நாமத்தையும் அறிந்திருந்தான். இன்று எழுதுகிறவன் அறியாதிருந்தால் குறை அந்த எழுத்தில் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1711இல் முடித்தார். அச்சிடும் வேளை வந்தபோது ஒரு நெருக்கடி எழுந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்தனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் பெரியவையாயிருந்தன. சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அவ்வெழுத்துகளில் அச்சாயின. இதே அளவில் தொடர்ந்தால் காகிதம் போதாது என்பது தெளிவாயிற்று. அவர்கள் என்ன செய்தார்கள்? நிருபங்களில் சிலவற்றை விட்டுவிடவில்லை. பவுலின் நீண்ட வாதங்களைச் சுருக்கவில்லை. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்தார்கள். அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலை ஒன்றையும் அமைக்க முற்பட்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழியொன்றில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுவே. காகிதம் குறைந்தபோது எழுத்தைச் சிறிதாக்கினார்கள், வசனத்தைச் சிறிதாக்கவில்லை. இந்த வாரம் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஒரு காரியம் உண்டென்றால் அது இதுவே.

தட்டுப்பாடு எங்கே இருக்கிறது?

தந்திக் காலத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் நாட்டில் 1850களில் தொடங்கிய தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறைவுற்றது. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே 'தகப்பன் கவலைக்கிடம், உடனே புறப்படு' என்பதோடு செய்தி முடியும். அந்தச் சில சொற்களைக் கேட்டு வீடே அழுதது. மீதிச் செய்தியை அறிய மனிதர் பேருந்து ஏறினார்கள். தந்தி அவர்களை எழுப்பி முழுச் செய்தியிடம் அனுப்பிவைத்தது.

அதன் பின் குறுஞ்செய்தி வந்தது. உலகின் முதல் குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து என்பது நமக்கு இனிய செய்தி. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடங்கள் இருந்தன. தமிழில் எழுதினால் 70 மட்டுமே. கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியே கணக்கிடப்பட்டன. 'கிறிஸ்து' என்று நாம் நான்கெழுத்தாக எண்ணும் நாமம் அங்கே எட்டு இடங்களைப் பிடித்தது. நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில், அதுவும் உயிரெழுத்துகளைப் பிடுங்கிவிட்டு எழுதப் பழகியதற்கு இது ஒரு காரணம். அவர்களை அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனால் பிரியமானவர்களே, இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஓலையில் எழுதியவனுக்கு உழைப்பு அரிதாயிருந்தது. தரங்கம்பாடியில் காகிதம் அரிதாயிருந்தது. தந்தி நிலையத்தில் காசு அரிதாயிருந்தது. குறுஞ்செய்தியில் இடம் அரிதாயிருந்தது. இன்று எது அரிதாயிருக்கிறது? முழு வேதாகமமும் நம் கைப்பேசியில் விலையின்றிக் கிடக்கிறது. எழுதுவதற்கு எல்லையில்லை, அனுப்புவதற்கும் தனிக் கட்டணம் இல்லை. எல்லாத் தட்டுப்பாடும் நீங்கிய பின்னும் நாம் முன்னைக்காட்டிலும் அதிகமாய்ச் சுருக்குகிறோம். அப்படியானால் தட்டுப்பாடு நம் கைக்கு வெளியே இல்லை; நம் இருதயத்துக்குள் வந்துவிட்டது. அரிதாகிப் போனது நம் பொறுமை.

அரசனின் கத்தி

எரேமியா 36ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோயாக்கீம் அரசனின் நாட்களில், எரேமியா சொல்லச் சொல்லப் பாருக் ஒரு சுருளில் எழுதினான். பல ஆண்டுகளாகக் கர்த்தர் உரைத்த வார்த்தைகள் யாவும் அதில் இருந்தன. ஒன்பதாம் மாதம், குளிர்காலம். அரசன் தன் குளிர்கால வீட்டில், எரிகிற கணப்பின் முன் உட்கார்ந்திருந்தான். சுருள் அவன் முன் வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்திகள் வாசித்து முடிந்ததும், அவன் கத்தியை எடுத்து அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போட்டான். மேலும் வாசித்தார்கள், மேலும் அறுத்தான். சுருள் முழுவதும் சாம்பலாகும் வரை இது நடந்தது. வேண்டாம் என்று கெஞ்சிய அதிகாரிகள் மூவரின் சொல்லுக்கும் அவன் செவிகொடுக்கவில்லை.

இவனுடைய தகப்பன் யார் தெரியுமா? யோசியா. ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்ட நியாயப்பிரமாண புஸ்தகத்தைத் தனக்கு முன் வாசிக்கக் கேட்டபோது, தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்ட அரசன். தகப்பன் வார்த்தையைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்தான். மகன் வார்த்தையையே கிழித்தான். ஒரே தலைமுறையில் ஒரு வீட்டில் கேட்கும் பொறுமை செத்துப்போயிற்று. நம் வீடுகளைக் குறித்து நாம் அஞ்ச வேண்டியது இங்கேதான்.

அரசன் அறுத்ததற்குக் கர்த்தர் என்ன பதில் கொடுத்தார்? வேறொரு சுருளை எடுத்து அந்த வார்த்தைகளையெல்லாம் மறுபடியும் எழுதச் சொன்னார். பாருக் எழுதினான், முன்னிருந்தவற்றோடு இன்னும் அநேக வார்த்தைகள் சேர்க்கப்பட்டன. பொறுமையற்ற அரசனுக்குத் தேவன் அளித்த மறுமொழி, முன்னதைவிட நீளமான ஒரு புஸ்தகம்.

முந்தானையும் புடவையும்

நாம் கத்தி எடுப்பதில்லை. ஆனால் நம் கையிலும் ஓர் அறுக்கும் கருவி இருக்கிறது. வேதத்தை அதிகாரங்களாகப் பிரித்த முறை, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்னும் இங்கிலாந்துப் பேராயரால் வந்ததாகச் சொல்லப்படுகிறது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகர் அமைத்தார். தேடிக் கண்டுபிடிப்பதற்கு அவை பேருதவி. எனினும், எண்ணிட்ட துண்டுகளைத் தனித்தனியே பறித்தெடுக்கவும் நாம் பழகிவிட்டோம். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும், காலையில் கைப்பேசிக்கு வரும் வசனப் படமும் அப்பழக்கத்தின் பிள்ளைகள்.

அவற்றுள் மிகுதியாக அனுப்பப்படுவது எது? எரேமியா 29:11. நம்மைக் குறித்துத் தேவன் கொண்டிருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்னும் அருமையான வாக்கு அது. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவிலுள்ள ஒரு வரி. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் எழுந்து, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று ஜனங்களுக்குச் சொல்லியிருந்தான். கேட்பதற்கு இனிய, சுருக்கமான செய்தி. அது பொய்யாயிருந்தது. எரேமியாவின் கடிதமோ, வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் நலனுக்காகவே ஜெபியுங்கள் என்கிறது. பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதன் பின்னரே பதினோராம் வசனம் வருகிறது.

அக்கடிதம் வாசிக்கப்பட்டபோது முப்பது வயதாயிருந்த ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் திரும்பிப் போகப்போவதில்லை. அவனுடைய பேரப்பிள்ளைகள் போவார்கள். அந்த வாக்குத்தத்தம் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும் ஜனத்துக்கு அருளப்பட்டது. அதிலிருந்து பத்தாம் வசனத்தை அறுத்துவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் அனுப்பினால், எரேமியாவின் தாளில் அனனியாவின் செய்தியை அனுப்புகிறோம். வேலை கிடைக்காத பிள்ளைக்கு, நோயில் கிடக்கும் சகோதரிக்கு அந்த ஒற்றை வரியை அனுப்புகிறோம். ஆறு மாதம் கழித்து ஒன்றும் மாறாதபோது அவர்கள் தேவன் மேலேயே சந்தேகம் கொள்கிறார்கள். எழுபது வருஷம் என்று சொன்ன தேவனை நாம் அவர்களுக்கு அறிமுகப்படுத்தவேயில்லை.

ஆரணிப் பகுதியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டுப்புடவையில் சரிகை மிகுந்து கண்ணைக் கவர்வது முந்தானை. கடையில் விரித்துக் காட்டுவதும் அதையே. ஆனால் முந்தானையை மட்டும் வெட்டியெடுத்து ஒருத்தி உடுத்திக்கொள்ள முடியுமா? பாவு முழு நீளத்துக்கும் பூட்டப்பட்டு, ஊடை இழை இழையாக ஓடி, நாட்கணக்கில் நெய்த உடல் அதனோடு சேர்ந்திருந்தால்தான் அது மானத்தை மறைக்கும் ஆடை. வாக்குத்தத்த வசனம் முந்தானை, வேதம் புடவை. குளிர்காலம் வரும்போது முழத்துண்டு போதாது.

குறுகிய வசனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லாசருவின் கல்லறையை நோக்கிப் போகையில் நம் ஆண்டவர் கண்ணீர் விட்டதைச் சொல்லும் யோவான் 11:35 தமிழில் மூன்றே சொற்கள். அம்மூன்று சொற்களின் கனம் யாருக்குத் தெரியும்? முந்தின முப்பத்துநான்கு வசனங்களையும் வாசித்து, அவர் இரண்டு நாள் தாமதித்ததையும், மார்த்தாளும் மரியாளும் ஒரே முறையீட்டோடு அவரைச் சந்தித்ததையும் கண்டவனுக்கு.

மனிதரும் நீண்ட நிருபங்களே

வேதத்தை வாசிக்கும் விதத்திலேயே நாம் மனிதரையும் வாசிப்போம். ஒரு வீட்டில் மரணம் நேரிட்டால், 'ஆர்.ஐ.பி.' என்னும் மூன்றெழுத்து நூறு பேரிடமிருந்து வந்து குவிகிறது. சமாதானத்தில் இளைப்பாறுக என்று பொருள்படும் இலத்தீன் ஜெபத்தின் முதலெழுத்துகள் அவை. கல்லறைக் கல்லில் பொறித்தவன் அருகில் நின்று அழுதுதான் பொறித்தான். நாம் அடுத்த படத்துக்குப் போகும் வழியில் அதைத் தட்டிவிட்டுச் செல்கிறோம். யோபுவின் சிநேகிதர் பின்னால் பேசியது தவறாயிருக்கலாம்; ஆயினும் முதலில் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம் சபையில் கணவனை இழந்த தாய்க்கு வேண்டியது அந்த உட்காருதல். அவள் ஒரே கதையைப் பத்தாம் முறை சொல்லும்போது, கையிலிருக்கும் கைப்பேசியைப் பார்க்காமல் கேட்கும் ஒரு செவி.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். எரேமியா 29ஆம் அதிகாரத்தில் 32 வசனங்கள் உண்டு. ஒரு மாலையில் குடும்பமாக உட்கார்ந்து, கைப்பேசிகளை வேறோர் அறையில் வைத்துவிட்டு, அச்சிட்ட வேதாகமத்திலிருந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். பத்து நிமிடம் ஆகாது. கண் மங்கிய பாட்டியிருந்தால் பேரப்பிள்ளை வாசிக்கட்டும். தறியில் தகப்பன் இருந்தால், நாடா ஓடாத நேரத்தில் வாசியுங்கள். நெகேமியாவின் நாட்களில் விடியற்காலந்தொடங்கி மத்தியானமட்டும் ஜனங்கள் நின்று கேட்டார்கள். அர்த்தம் விளங்கியபோது அழுதார்கள், பின்பு மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி முதல் வரியிலேயே எழுந்து போயிருந்தவர்களுக்குக் கிட்டியிராது.

பின்பு யாருக்காவது பதினோராம் வசனத்தை அனுப்ப விரும்பினால் தாராளமாக அனுப்புங்கள். அதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள், நானும் உங்களோடு காத்திருக்கிறேன்.'

ஜெபம்

எங்கள் பரம பிதாவே, நாங்கள் மறுதலித்த நாட்களிலும் எங்களை வாசித்து முடிக்கும்வரை பொறுமையாயிருக்கிறீர். எங்கள் ஜெபங்கள் நீண்டதாலும் குழறியதாலும் நீர் செவியை அடைத்துக்கொண்டதில்லை. உம்முடைய வார்த்தையை அறுக்கும் கையை எங்களிடமிருந்து விலக்கியருளும். யோசியாவின் செவியை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தாரும். துக்கத்திலிருப்பவர்களோடு உட்காரும் நேரத்தை எங்களுக்குள் உண்டாக்கும். இயேசு கிறிஸ்துவின் முழுமையான நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.